அங்கே நாலு பத்து

எங்கள் கைபேசிகளில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது.
நாச்சம்மை, இனியன் அம்மா.
சபுரா பானு, ரிஹானா அம்மா.
நான் தாரகை அம்மா.
கல்லுக்கட்டியில் பூட்டுக் கடை வைத்திருப்பவர்
சேவுகன் என்று கடைப் பலகையே சொன்னாலும்
மித்ரன் அப்பா.

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான்:
நாளைக்கு மஞ்சள் சட்டையா பச்சையா,
கணக்கில் எத்தனாம் பக்கம்,
யார் வீட்டுப் பையில் என் மகளின் டப்பா மூடி வந்திருக்கிறது.
காய்கறி வேடத்துக்கு
எல்லாப் பிள்ளைகளும் தக்காளிக்கு அடித்துக்கொள்ள
இனியன் மட்டும்
சுண்டைக்காய் ஆவேன் என்று உருண்டு அழுகிறானாம்.
"பச்சைப் பந்து ஒண்ண ரெண்டா வெட்டித் தலையில கவுத்துங்க"
என்று யோசனை சொன்னவர் ஆதிரன் அப்பா.
கிள்ளானில் இருக்கிறார்.

பள்ளிக்கூட வாசலை அவர் பார்த்ததே இல்லை.
ஆனால் வெள்ளிக்கிழமை வெள்ளைக் கேன்வாஸ் என்பது
எங்களுக்கு முந்தி அவருக்குத் தெரியும்.
நாலு மணிக்கு மேல் கேட்பார்,
இன்னிக்குப் பிள்ளைங்க என்ன பண்ணினாங்க?
யாராவது எழுதுவோம்:
ஒரு சண்டை. ஒரு பல் விழுந்துச்சு. உங்காளு இல்ல.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி
தாரகைக்கு நூற்றிமூன்று.
வீட்டுக்காரர் லாரியோடு ஓசூரில்.
மின்சாரம் வேறு போயிருந்தது.
மணி ஒன்று நாற்பது.
யாராவது முழிச்சிருக்கீங்களா என்று எழுதிவிட்டு
வெட்கமாகி
அழிக்கப் போனேன்.
அதற்குள் நீலக்குறி.

"இங்க நாலு பத்து. மாவு பிசைய எந்திரிச்சுட்டேன்.
சொல்லுங்க."

மருந்து எப்போது கொடுத்தேன்,
ஒன்றுக்குப் போனாளா, கழுத்தை மடக்குகிறாளா,
ஒவ்வொன்றாகக் கேட்டார்.
துணி நனைக்க வெதுவெதுப்பா பச்சைத்தண்ணியா என்பதில்
எங்களுக்குள் சின்ன வாக்குவாதம்கூட வந்தது.
பதில் தாமதமானால்
"கை முழுக்க மாவு, மன்னிக்கணும்" என்று குரல் வரும்,
பின்னால் பலகையில் மாவு அறையும் சத்தம்.
மூன்றேகாலுக்கு நெற்றி வேர்த்தது.
வேர்த்திருச்சு என்று எழுதினேன்.
ஒரு பரோட்டாப் படம் அனுப்பினார்.
பொம்மை இல்லை, ஆவி பறக்கும் அசல் பரோட்டா.

விடிந்து பார்த்தால் முப்பத்தேழு பேர் விசாரித்திருக்கிறார்கள்.
சபுரா கஞ்சித் தூக்கோடு வந்தாள்.
ஆஸ்பத்திரிக்குப் போக
பூட்டுக் கடைக்காரர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு
சாவியோடு நடந்து போய்விட்டார்.

தையில் அவர் லீவில் வந்தார்.
பள்ளி விடும் நேரம். வேப்பமரத்தடியில் நின்ற ஆளை
எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை,
அவர் பெயருக்கு மேல் இருந்தது எப்போதும்
ஆதிரன் படம்தான்.
அவர்தான் ஒவ்வொரு பிள்ளையாகக் கண்டுபிடித்தார்:
இது சுண்டைக்காய். இது பல்லு.
தாரகை, காய்ச்சல் விட்டிருச்சாம்மா?

ஆதிரன் வந்தான்.
பார்த்தான்.
நேரே போய் நாச்சம்மையின் துப்பட்டாவுக்குள் நுழைந்துகொண்டான்.
அவர் கையிலிருந்த பொம்மைக் கப்பலைத்
திரும்பப் பைக்குள் வைக்கப் பார்த்தார்.
பை அகலமான பைதான்.
கப்பல் போகவில்லை.
நாங்கள் ஆளுக்கொரு திசை பார்த்தோம்.

அன்றிரவு ஒன்பதே முக்கால்.
கழனிவாசலிலிருந்து, என் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி,
ஆதிரன் அப்பா எழுதுகிறார்:
"யாராவது முழிச்சிருக்கீங்களா?
என்கிட்ட வர மாட்டேங்கிறான்."
ஆதிரன் அம்மா பக்கத்து அறையில்தான் இருந்திருப்பாள்.
அவளிடம் கேட்கக் கூச்சம் போல.

எல்லோரும் முழித்திருந்தோம்.
முதுகுல தட்டாதீங்க, சொறியணும் என்றாள் சபுரா.
கதை வேண்டாம், விடுகதை போடுங்க என்றாள் நாச்சம்மை.
"பேசாம பக்கத்துல படுத்துக்கங்க,
நான் ரெண்டு வருஷமா அப்படித்தான்." இது சேவுகன்.
நான் எழுதினேன்:
வீட்டுல மைதா இருக்கா? இல்லாட்டி கோதுமை?

பதில் இல்லை.
பத்து மணி.
பத்தரை.

பிறகு ஒரே வரி:
ரெண்டு பேருக்கும் கை முழுக்க மாவு, மன்னிக்கணும்.